கடற்பாசிவழி உருவாக்கப்படும் வெள்ளி நானோ துகள்களின் நுண்ணுயிர்த் தடைத்திறன்: உச்சிப்புளிக் கடற்கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரைகளில் சேகரிக்கப்படும் கடற்பாசிகளின் சாறுகொண்டு வெள்ளி நானோ துகள்கள் உருவாக்குதல் தமிழகப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் பெருவழக்காகியுள்ளது. இத்துகள்கள் பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்பது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. எனினும், அத்தடைத்திறன் துகளுக்குரியதா, கரைசலில் எஞ்சிய வெள்ளி அயனிக்குரியதா, வெள்ளிக் குளோரைடுக்குரியதா, பாசிச் சாற்றுக்கே உரியதா என்பது பெரும்பாலும் பிரித்தறியப்படுவதில்லை. கடற்பாசியில் இயல்பாக உள்ள குளோரைடு இக்கேள்வியைத் தவிர்க்க இயலாததாக்குகிறது. இக்கட்டுரை துகள்களின் உருவாக்கத்தையும் செயற்படும் முறையையும் விளக்கி, குளோரைடின் இடையீட்டை எளிய கணக்கீட்டின் வழி நிறுவி, அதற்கு வேண்டிய ஒப்பீட்டுச் சோதனைகளைத் தொகுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வெள்ளி நானோ துகள், கடற்பாசி, உயிரிவழித் தொகுப்பு, வெள்ளிக் குளோரைடு, தடை வளையம், குறைந்தபட்சத் தடைச் செறிவு, உச்சிப்புளி.

முன்னுரை

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கிச் செல்லும் சாலையிலும் இருப்புப்பாதையிலும் அமைந்த ஊர் உச்சிப்புளி. இவ்வூரின் வடக்கே அரியமான் கரையில் பாக் நீரிணையும், தெற்கே புதுமடம் கரையில் மன்னார் வளைகுடாவும் உள்ளன. குறுகிய நிலப்பரப்பின் இரு மருங்கிலும் இயல்பால் வேறுபட்ட இரு கடல்கள் அமைந்திருப்பதால், கடற்பாசி ஆய்வாளர்க்கு இப்பகுதி அரியதொரு களமாகும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும், பவநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆராய்ச்சி நிலையமும் இயங்கி வருகின்றன.

இக்கரையோரப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதைத் தலைமுறைகளாகத் தொழிலாகக் கொண்டவர்கள். அறிவியலார் சர்காசம் என வகைப்படுத்துவதை அவர்கள் கட்டக்கோரை என்பர். டர்பினேரியாவைப் பக்கோடாப் பாசி என்பர். ஜெலிடியெல்லாவை மரிக்கொழுந்துப் பாசி என்பர். கிராசிலேரியாவைக் கஞ்சிப்பாசி என்பர். முன்னிரண்டிலிருந்து ஆல்ஜினேட்டும், பின்னிரண்டிலிருந்து அகரும் பெறப்படுகின்றன. இதே பாசிகளே கடந்த இருபது ஆண்டுகளாக நானோ துகள் ஆய்வுக்கும் மூலப்பொருளாகியுள்ளன.

மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் பெருகிவரும் காலத்தில், கரையில் கிடைக்கும் பாசியைக்கொண்டு நுண்ணுயிர்த் தடைப்பொருள் உருவாக்க இயலும் என்னும் செய்தி நம்பிக்கை தருவதாகும். புண்மருந்து, கட்டுத்துணி, நீர் வடிகட்டி எனப் பயன்பாடுகள் முன்மொழியப்படுகின்றன. அந்நம்பிக்கை நிலைபெற வேண்டுமாயின், ஆய்வகத் தட்டில் தோன்றும் தெளிந்த வளையம் எதனால் விளைந்தது என்பது ஐயமற அறியப்பட வேண்டும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வெள்ளியும் நுண்ணுயிரும்

வெள்ளியின் நுண்ணுயிர்த் தடைத்திறன் நானோ தொழில்நுட்பத்திற்கு மிகவும் முற்பட்ட அறிவாகும். 1880களில் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரேடே, பிறந்த குழந்தையின் கண்ணில் நீர்த்த வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை இட்டு, பார்வையைப் பறிக்கும் தொற்றைத் தடுக்கும் முறையைப் பரப்பினார். 1960களில் தீப்புண்களுக்கு 0.5 விழுக்காட்டு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் பயன்பாட்டுக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் வெள்ளி சல்ஃபாடயசினை அறிமுகப்படுத்தினார். அக்களிம்பு இன்றும் தீப்புண் மருத்துவத்தில் புழங்குகிறது.

இம்மருந்துகள் அனைத்திலும் வினைபுரிவது வெள்ளி அயனியே. அயனி விரைவாக வினைபுரிந்து, விரைவாகவே தீர்ந்தும் விடுகிறது. உடல் திரவங்களிலுள்ள குளோரைடும் புரதங்களும் அதனைப் பிணைத்துக்கொள்கின்றன. வெள்ளியைச் சிறுகச் சிறுக, நீண்ட நேரம் வெளியிடும் சேமிப்பிடம் ஒன்று தேவைப்பட்டது. நானோ துகள் அத்தேவையை நிறைவேற்றக்கூடியது. 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான துகளில், எடையை நோக்க மேற்பரப்பு மிகுதியாதலால், ஆக்சிஜனேற்றமும் அயனி வெளியேற்றமும் எளிதில் நிகழ்கின்றன.

2. உயிரிவழித் தொகுப்பு

வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக ஒடுக்குவதற்கு வேதியியலார் சோடியம் போரோஹைட்ரைடு, சிட்ரேட்டு முதலியவற்றைப் பயன்படுத்துவர். உருவான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாதிருக்க மேலுறைப்பொருளும் வேண்டும். உயிரிவழித் தொகுப்பில் இவ்விரு பணிகளையும் உயிரினத்தின் மூலக்கூறுகளே செய்கின்றன.

1999இல் கிளாஸ் குழுவினர், வெள்ளிச் சுரங்கத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சூடோமோனாஸ் ஸ்டட்சரி என்னும் பாக்டீரியா தன் உயிரணுவினுள் 200 நானோமீட்டர் வரையிலான வெள்ளிப் படிகங்களைச் சேர்த்துவைப்பதை வெளிப்படுத்தினர். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் 2003இல் ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் பூஞ்சையின் துணையால் உயிரணுவுக்கு வெளியே வெள்ளித் துகள்களை உருவாக்கினர். 2004இல் வேப்பிலைச் சாற்றைக்கொண்டு வெள்ளி, பொன் துகள்களை உருவாக்கும் முறையையும் வெளியிட்டனர். நுண்ணுயிரை வளர்த்துப் பேண வேண்டிய தேவையின்றி, இலையைக் கொதிக்கவைத்து வடித்த சாறே போதும் என்னும் எளிமை, இத்துறையை இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற்கும் கொண்டுசென்றது.

கடற்பாசிக்கு இம்முறை விரைவில் விரிவாக்கப்பட்டது. 2007இல் சிங்காரவேலு குழுவினர் சர்காசம் வைட்டியைக் கொண்டு 8 முதல் 12 நானோமீட்டர் அளவிலான பொன் துகள்களை உருவாக்கினர். 2009இல் கோவிந்தராஜு குழுவினர் அதே பாசியால் வெள்ளித் துகள்களை உருவாக்கி, நோயுற்ற பட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களுக்கு எதிராகச் சோதித்தனர். 2011இல் ஜெலிடியெல்லா அசிரோசாவின் சாற்றால் உருவான வெள்ளித் துகள்களின் பூஞ்சைத் தடைத்திறன் வெளியிடப்பட்டது.

சர்காசம், டர்பினேரியா போன்ற பழுப்புப் பாசிகளில் ஆல்ஜினேட்டு, ஃபியூகாய்டன் ஆகிய பல்சர்க்கரைகளும், ஃபுளோரோடானின் எனப்படும் பல்ஃபீனால்களும் உள்ளன. ஃபீனால்கள் மின்னணுவை வழங்கி அயனியை ஒடுக்குகின்றன. பல்சர்க்கரைகள் துகளைச் சூழ்ந்து உறையாகின்றன. வழக்கமான நடைமுறையில் 10 மில்லிலிட்டர் சாறு, 1 மில்லிமோலார் செறிவுள்ள 90 மில்லிலிட்டர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலுடன் கலக்கப்படுகிறது. வெளிர்மஞ்சள் கலவை நேரம் செல்லச்செல்லப் பழுப்பாகிறது. மேற்பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வால் 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் தோன்றும் உட்கவர் பட்டை, உலோக வெள்ளித் துகள் உருவானதைக் காட்டுகிறது.

3. தடைத்திறன் செயற்படும் முறை

வெள்ளி நுண்ணுயிரை அழிக்கும் வழிகள் பலவாகும். வெள்ளி அயனி புரதங்களிலுள்ள கந்தக-ஹைட்ரஜன் தொகுதிகளுடன் வலுவாகப் பிணைந்து நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது. சுவாசச் சங்கிலியைக் குலைத்து, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருக வழிசெய்கிறது. அயனியின் தாக்கத்தால் எஸ்செரிச்சியா கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஆகியவற்றின் டி.என்.ஏ. சுருங்கித் திரள்வதை ஃபெங் குழுவினர் 2000இல் மின்னணு நுண்ணோக்கியால் கண்டனர்.

துகளைப் பொறுத்தவரை, 2004இல் சோண்டி, சலோபெக்-சோண்டி ஆகியோர் எஸ்செரிச்சியா கோலையின் உறையில் குழிகள் தோன்றுவதைக் காட்டினர். 2005இல் மொரோனெஸ் குழுவினர், 1 முதல் 10 நானோமீட்டர் வரையிலான துகள்களே பாக்டீரியாவின் உறையில் பெரிதும் ஒட்டுகின்றன எனக் கண்டறிந்தனர். 2007இல் பால் குழுவினர், கோளத்தையும் கோலையும்விட முனைமழுங்கிய முக்கோணத் தட்டுகள் மிகுதிறன் உடையவை என அறிவித்தனர். இவற்றால் அளவும் வடிவமும் தடைத்திறனைத் தீர்மானிக்கின்றன என்னும் கருத்து வலுப்பெற்றது.

2012இல் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சியு குழுவினர் இக்கருத்தை நேரடிச் சோதனைக்கு உட்படுத்தினர். ஆக்சிஜன் இல்லாத சூழலில் வெள்ளித் துகள் ஆக்சிஜனேற்றம் அடையாது. எனவே அயனி வெளியேறாது. அத்தகு சூழலில் எஸ்செரிச்சியா கோலை துகள்களால் பாதிப்படையவில்லை. காற்றுப்பட்டு அயனி வெளியேறியபோதே நச்சுத்தன்மை தோன்றியது. அளவு, வடிவம், மேலுறை ஆகியன அயனி வெளியேறும் விரைவை மாற்றுவதன் வழியாகவே தடைத்திறனை மாற்றுகின்றன என்பது அவர்தம் முடிபு. துகள் உயிரணுவில் ஒட்டிய இடத்தில் அயனிச் செறிவு மிகும் என்பதால் ஒட்டுதலுக்கும் பங்குண்டு என்பாரும் உளர். இவ்விரு கருத்துகளுள் எதனை ஏற்பினும், அயனியை அளவிடாமல் துகளின் திறனை மதிப்பிட இயலாது என்பது தெளிவு.

4. கடல் உப்பின் இடையீடு

வேப்பிலைச் சாற்றுக்கும் கடற்பாசிச் சாற்றுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. கடற்பாசி உப்பில் வாழ்வது. வெள்ளி நைட்ரேட்டுடன் குளோரைடு சேர்ந்தால் வெண்ணிற வெள்ளிக் குளோரைடு வீழ்படிவாகும் என்பது பள்ளி ஆய்வகத்திலேயே கற்பிக்கப்படும் சோதனை. நீரில் உப்பு உண்டா என்றறிய எந்த வினைப்பொருள் பயன்படுகிறதோ, அதே வினைப்பொருளே நானோ துகள் தொகுப்பிலும் பாசிச் சாற்றில் சேர்க்கப்படுகிறது.

இடையீட்டின் அளவை ஒரு கணக்கு புலப்படுத்தும். மேற்கூறிய கலவையில் 90 மில்லிலிட்டர் கரைசலில் உள்ள வெள்ளி 0.09 மில்லிமோல், எடையில் ஏறத்தாழ 9.7 மில்லிகிராம். இதனை முழுதும் குளோரைடாக்க 0.09 மில்லிமோல் குளோரைடு போதும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.55 மோல் குளோரைடு உள்ளது. ஆகவே தேவைப்படும் கடல்நீர் 0.16 மில்லிலிட்டர் மட்டுமே. அஃதாவது, 10 மில்லிலிட்டர் சாற்றில் மூன்று துளிக் கடல்நீருக்கு நிகரான உப்பு எஞ்சியிருந்தால், கலவையிலுள்ள வெள்ளி முழுவதற்கும் ஈடான குளோரைடு அங்கு உள்ளது.

பாசியின் எடையை நோக்கியும் இதனைக் கூறலாம். 10 கிராம் பாசியை 100 மில்லிலிட்டர் நீரில் கொதிக்கவைத்துச் சாறு எடுப்பதாகக் கொண்டால், அப்பாசியிலிருந்து 32 மில்லிகிராம் குளோரைடு சாற்றில் இறங்கினாலே மேற்கூறிய நிலை எய்தப்படும். இது பாசியின் எடையில் 0.32 விழுக்காடு. கடற்பாசியின் உயிரணுக்கள் தம் ஊடுபரவல் அழுத்தத்தைக் காக்கப் பொட்டாசியத்தையும் குளோரைடையும் உள்ளேயே மிகுதியாகத் தேக்கிவைப்பவை. குழாய் நீரிலும் காய்ச்சி வடித்த நீரிலும் கழுவுதல் மேற்பரப்பின் உப்பையும் மணலையும் நீக்குமேயன்றி, உயிரணுவின் உள்ளிருக்கும் உப்பை நீக்காது. கொதிக்கவைக்கும்போது உயிரணு சிதைந்து அவ்வுப்பு சாற்றில் இறங்குகிறது. நீண்ட நேரம் ஊறவைத்துக் கழுவினாலோ, உப்போடு ஒடுக்கும் மூலக்கூறுகளும் வெளியேறுகின்றன.

வெள்ளிக் குளோரைடின் கரைதிறன் பெருக்கம் 25 பாகை செல்சியசில் 1.8 × 10⁻¹⁰ ஆகும். 10 மில்லிலிட்டர் சாற்றில் 1 மில்லிலிட்டர் கடல்நீருக்கு நிகரான உப்பு இருப்பின், நூறு மில்லிலிட்டர் கலவையில் குளோரைடின் செறிவு 5.5 மில்லிமோலார், வெள்ளியின் செறிவு 0.9 மில்லிமோலார். வீழ்படிவான பின் எஞ்சும் தனி வெள்ளி அயனி லிட்டருக்கு ஏறத்தாழ 4 மைக்ரோகிராம் மட்டுமே. குளோரைடுடன் இணைந்து கரையும் பிற வடிவங்களைக் கூட்டினாலும், தொடக்கத்தில் இருந்த 97 மில்லிகிராமில் இது மிகச் சிறு பங்கேயாகும். ஒடுக்கத்தைக் காட்டிலும் வீழ்படிவாதல் மிக விரைவான வினையாதலால், பாசியின் ஃபீனால்கள் வெள்ளியை அணுகுமுன்பே அதன் பெரும்பகுதி குளோரைடாகிவிடக் கூடும்.

பின்னர்த் தோன்றும் பழுப்பு நிறம் இதனை மறைத்துவிடுகிறது. வெள்ளிக் குளோரைடு ஒளியுணர் பொருள். பழைய ஒளிப்படக் கலைக்கு அடிப்படையாயிருந்த பண்பு அது. சூரிய ஒளியில் வைக்கப்பட்ட கலவையில் குளோரைடின் ஒரு பகுதி சிதைந்து உலோக வெள்ளியாகிறது. பாசிச் சாறும் குளோரைடின் ஒரு பகுதியை மெல்ல ஒடுக்கக்கூடும். உலோக வெள்ளித் துகளின் ஒளியுட்கவர் திறன் மிக வலியதாகையால், சிறு பங்கு உலோகமானாலே கலவை பழுப்பாகி, 420 நானோமீட்டர் அளவில் பட்டையும் தோன்றும். ஆகவே நிறமாற்றமும் உட்கவர் பட்டையும் உலோக வெள்ளி உண்டு என்பதற்குச் சான்றாகுமேயன்றி, சேர்த்த வெள்ளி அனைத்தும் உலோகமாயிற்று என்பதற்குச் சான்றாகா.

5. அடையாளம் காணும் வழி

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு ஆய்வு இதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். தாமிரக் கதிர்வீச்சில் உலோக வெள்ளியின் உச்சங்கள் 38.1, 44.3, 64.4, 77.4 பாகைகளில் அமையும். வெள்ளிக் குளோரைடின் உச்சங்கள் 27.8, 32.2, 46.2, 54.8, 57.5 பாகைகளில் அமையும். உயிரிவழித் தொகுப்புக் கட்டுரைகளில் முதல் நான்கு உச்சங்கள் பெயரிட்டுக் காட்டப்பட்டு, 27.8, 32.2, 46.2 பாகைகளில் தோன்றுபவை சாற்றின் கரிமப் பொருள்கள் படிகமானதால் வந்தவை எனக் கூறிக் கடக்கப்படுவதுண்டு. அவ்விடங்களில் உச்சங்கள் தோன்றுமாயின், முதலில் ஐயுறத்தக்கது வெள்ளிக் குளோரைடே. ஆற்றல் பிரிகை எக்ஸ் கதிர் ஆய்வில் குளோரின் உச்சம் வெள்ளியுடன் சேர்ந்து தோன்றுவதும் அதனை வலியுறுத்தும்.

அத்தகு கருவி வசதி இல்லாத ஆய்வகங்களிலும் எளிய வழி உண்டு. வெள்ளிக் குளோரைடு அம்மோனியாக் கரைசலில் கரையும்; உலோக வெள்ளி எளிதில் கரையாது. மையவிலக்குச் சுழற்றலால் பிரித்தெடுத்த வீழ்படிவின் எடை, அம்மோனியாவால் கழுவிய பின் எவ்வளவு குறைகிறது என்பது முதற்கட்ட மதிப்பீட்டைத் தரும். வெள்ளி கலந்த அம்மோனியாக் கரைசலைச் சேமித்துவைத்தால் வெடிக்கும் பொருள் உருவாகக்கூடும் என்பதால், அதனை உடனே அமிலமாக்கி முறைப்படி அகற்ற வேண்டும். தொகுப்புக்கு முன்னரே பாசிச் சாற்றின் குளோரைடு அளவை மோர் தரம்பார்த்தல் முறையால் அறிந்து பதிவுசெய்தல் அதனினும் எளிது. பொட்டாசியம் குரோமேட்டு நிறங்காட்டியும் வெள்ளி நைட்ரேட்டும் இருந்தால் அச்சோதனை ஒரு மணி நேரத்தில் முடியும்.

வெள்ளிக் குளோரைடு உருவானால் ஆய்வு வீணாயிற்று என்பது பொருளன்று. வெள்ளிக் குளோரைடு நுண்துகளும் அயனியைச் சிறுகச் சிறுக வெளியிடும். நுண்ணுயிரைத் தடுக்கவும் செய்யும். உலோகமும் குளோரைடும் கலந்த துகள் தனக்கேயுரிய பயன்களும் உடையது. ஆனால் அதனை வெள்ளி நானோ துகள் என்று மட்டும் பெயரிட்டு, அதன் திறனை உலோகத் துகளின் அளவோடும் வடிவோடும் தொடர்புபடுத்தினால் விளக்கம் பிழையாகிறது. அடுத்து வரும் ஆய்வாளர் அதே முறையைப் பின்பற்றி வேறொரு பருவத்தில், வேறொரு கரையில் எடுத்த பாசியைப் பயன்படுத்தும்போது முடிவு மாறுபடுவதற்கும் இது காரணமாகலாம்.

6. தடை வளையத்தின் பொருள்

துகளின் திறனை அளக்கப் பெரிதும் பயன்படுவது அகர் பரவல் முறை. முல்லர்-ஹின்டன் அகரில் பாக்டீரியாவைப் பரப்பி, துகள் கரைசலில் தோய்த்த 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டை வைத்து, மறுநாள் அதனைச் சூழ்ந்த தெளிந்த வளையத்தின் விட்டத்தை அளப்பர். எதிருயிரி மருந்துகளின் சிறு மூலக்கூறுகள் அகரில் எளிதில் பரவுவதைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்ட முறை இது. பல்சர்க்கரை உறையுடன் கூடிய நானோ துகள் அகரின் வலைப்பின்னலில் அவ்வாறு பரவுவதில்லை. ஆகவே வளையத்தை உருவாக்குவது பெரும்பாலும் துகளிலிருந்து வெளியேறிய அயனியும், தொகுப்பின்போது ஒடுக்கப்படாது எஞ்சிய அயனியுமே ஆகும்.

எஞ்சிய அயனியின் பங்கு புறக்கணிக்கத் தக்கதன்று. குளோரைடு குறைந்த சாற்றில் தொகுப்பு நிகழ்ந்து, 97 மில்லிகிராம் வெள்ளியில் பத்திலொரு பங்கு ஒடுக்கப்படாது எஞ்சினால், லிட்டருக்கு 9.7 மில்லிகிராம் வெள்ளி அயனி கரைசலில் இருக்கும். எஸ்செரிச்சியா கோலையின் வளர்ச்சியைத் தடுக்கப் பல ஊடகங்களில் அவ்வளவே போதுமானது. துகளைக் கழுவிப் பிரிக்காமல் கலவையை அப்படியே சோதித்தால், வெள்ளி நைட்ரேட்டின் திறனே துகளின் திறனாகப் பதிவாகும். இவ்வாறு உப்பு மிகுந்த சாற்றில் ஒரு வகைப் பிழையும், உப்பு நீங்கிய சாற்றில் அதற்கு மாறான பிழையும் நேர வாய்ப்புண்டு.

எண்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். வளையத்தின் விட்டத்தில் தட்டின் விட்டமும் அடங்கும். 8 மில்லிமீட்டர் எனப் பதிவானால் தட்டுக்கு வெளியே தடை நிகழ்ந்தது ஒரு பக்கத்தில் 1 மில்லிமீட்டர் மட்டுமே. எதிருயிரியுடன் ஒப்பிடும்போதும் இவ்வாறே. 97 மில்லிகிராம் செறிவுள்ள கரைசலில் 50 மைக்ரோலிட்டர் இடுவது 5 மைக்ரோகிராம் வெள்ளிக்குச் சமம். தரப்படுத்தப்பட்ட சிப்ரோஃபுளோக்சசின் தட்டிலும் 5 மைக்ரோகிராம் மருந்தே உள்ளது. எடை ஒத்திருப்பினும் இரண்டும் அகரில் பரவும் விதம் வேறு; அகரின் குளோரைடும் புரதச் சிதைபொருள்களும் வெள்ளியைப் பிணைக்கும் அளவில் மருந்தைப் பிணைப்பதில்லை. எனவே வளைய விட்டங்களை அருகருகே வைத்துத் துகள் மருந்தினும் சிறந்தது என்றோ தாழ்ந்தது என்றோ முடிவுசெய்ய இயலாது. அகர் பரவல் முறை தடைத்திறன் உண்டா இல்லையா என்று அறியும் முதற்படியாகவே கொள்ளத்தக்கது. அளவறிய, திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடைச் செறிவும், நேரத்திற்கேற்ப உயிருள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறையும் வீதமும் கணக்கிடப்பட வேண்டும்.

7. வேண்டப்படும் ஒப்பீட்டுச் சோதனைகள்

மேற்கண்ட விளக்கங்களின் அடிப்படையில், கடற்பாசிவழித் துகள்களைச் சோதிக்கும்போது பின்வரும் ஒப்பீடுகள் இன்றியமையாதன.

முதலாவது, வெள்ளி சேர்க்கப்படாத பாசிச் சாறு. கடற்பாசிகளில் நுண்ணுயிர்த் தடைத்திறன் கொண்ட இயற்கைச் சேர்மங்கள் உண்டாதலால், சாற்றின் பங்கு தனியே அறியப்பட வேண்டும்.

இரண்டாவது, மொத்த வெள்ளியின் அளவில் சமமான வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல். துகளின் செறிவைக் கரைசலின் கனஅளவால் கூறாமல், அமிலத்தில் கரைத்து அணு உட்கவர் நிறமாலையால் அளந்த வெள்ளியின் எடையால் கூறினாலன்றி இவ்வொப்பீடு பொருளுடையதாகாது.

மூன்றாவது, துகள்கள் நீக்கப்பட்ட தெளிநீர். மிகுவேக மையவிலக்குச் சுழற்றலாலோ நுண்வடிகட்டியாலோ துகளைப் பிரித்தபின் எஞ்சும் நீர், துகள் கலந்த கரைசலுக்கு நிகராகத் தடுக்குமாயின், தடைத்திறன் அயனிக்குரியது.

நான்காவது, பாசியில்லாத உப்புக் கலவை. சாற்றில் அளந்தறிந்த குளோரைடுக்குச் சமமான சோடியம் குளோரைடை வெள்ளி நைட்ரேட்டுடன் கலந்து, அதே வெப்பத்திலும் ஒளியிலும் வைத்துச் சோதிப்பது. பாசியின் பங்கு யாது என்பதை இச்சோதனையே நேரடியாக வெளிப்படுத்தும். கடற்பாசி ஆய்வுக்கென்று தனியே தேவைப்படுவதும் இதுவேயாகும்.

ஐந்தாவது, இருளில் வைக்கப்பட்ட இணைக் கலவை. ஒளியால் விளைந்த ஒடுக்கத்தைப் பாசியால் விளைந்த ஒடுக்கத்திலிருந்து இது பிரிக்கும்.

ஆறாவது, சிஸ்டீன் போன்று வெள்ளி அயனியைப் பிணைக்கும் பொருள் சேர்க்கப்பட்ட துகள் கரைசல். அயனி பிணைக்கப்பட்டபின் தடைத்திறன் பெரிதும் மறையுமாயின், அயனியே முதன்மைக் காரணி என்பது உறுதிப்படும்.

உப்பை முன்னரே நீக்க விரும்புவோர் சாற்றைச் சவ்வுவழிக் கூழ்மப்பிரிப்புக்கு உட்படுத்தலாம். குளோரைடு வெளியேறும்போது சிறு ஃபீனால் மூலக்கூறுகளும் வெளியேறும். அதன்பின்னும் துகள் உருவாகுமாயின் ஒடுக்கியது பல்சர்க்கரை முதலிய பெருமூலக்கூறு என்றும், உருவாகாதாயின் வெளியேறிய சிறு மூலக்கூறுகளே ஒடுக்கின என்றும் அறிய இயலும். தூய்மையாக்கும் படியே இங்குச் சான்றும் தருகிறது. இச்சோதனைகளுள் பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உள்ள வசதிகளுக்குள் செய்யத்தக்கவை. அவை வேண்டுவது கூடுதல் சோதனைக் குழாய்களையும் சில நாள்களையுமே.

8. எதிர்ப்பாற்றலும் கடற்சூழலும்

நுண்ணுயிர்கள் வெள்ளிக்கு எதிர்ப்பாற்றல் பெறமாட்டா என்னும் கூற்று அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இது சான்றுக்கு முரணானது. 1975இல் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீப்புண் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மோனெல்லா பதிவாயிற்று. அதன் பிளாஸ்மிடில் வெள்ளி எதிர்ப்புக்கான மரபணுத் தொகுதி இருப்பதை 1999இல் குப்தா குழுவினர் விளக்கினர். 2018இல் செக் நாட்டின் பனாசெக் குழுவினர், துகள்களுக்குத் தொடர்ந்து ஆட்பட்ட பாக்டீரியாக்கள் ஃபிளாஜெலின் என்னும் புரதத்தைச் சுரந்து துகள்களைத் திரளச்செய்து செயலிழக்கவைப்பதைக் கண்டறிந்தனர். இதற்கு மரபணு மாற்றமும் தேவைப்படவில்லை. மாதுளைத் தோல் சாறு ஃபிளாஜெலின் உருவாக்கத்தைத் தடுத்து அவ்வெதிர்ப்பைக் குறைத்தது என்பதும் அவ்வாய்வில் வெளிப்பட்டது. பாசிச் சாற்றின் மேலுறை இத்திரளலை எதிர்கொள்ளுமா என்பது ஆராயத்தக்க நல்லதொரு வினாவாகும். உயிரிவழித் தொகுப்பின் தனிச்சிறப்பு வெளிப்படக்கூடிய இடமும் அதுவே.

தொகுப்பு முறை பசுமையானது என்பதால் விளைபொருளும் தீங்கற்றது என்று கொள்வதற்கில்லை. கடல்வாழ் உயிரிகளுக்கு, குறிப்பாக நுண்பாசிகளுக்கும் முதுகெலும்பற்றவற்றின் இளம் பருவத்திற்கும், மிகு நச்சுத்தன்மை உடைய உலோகங்களுள் வெள்ளியும் ஒன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. பவளப்பாறையும் கடற்புல்லும் கடற்பாசியும் வாழும் அக்கடலிலிருந்து பெறப்பட்ட பொருளால் உருவாக்கப்படும் துகள், கழிவுநீர் வழியாக அக்கடலுக்கே திரும்பலாகாது. ஆய்வகக் கழிவிலுள்ள வெள்ளியைக் குளோரைடாக வீழ்படியச் செய்து மீட்டெடுத்தல் எளிது. தொகுப்பில் இடையூறாக அமையும் வினையே இங்குத் துணையாகிறது.

முடிவுரை

கடற்பாசிவழி உருவாக்கப்படும் வெள்ளித் துகள்கள் நுண்ணுயிரைத் தடுக்கின்றன என்பதில் ஐயமில்லை. தடுப்பது எது என்பதே விடைகாணப்பட வேண்டிய வினா. 10 மில்லிலிட்டர் சாற்றில் மூன்று துளிக் கடல்நீரின் உப்பு எஞ்சியிருந்தாலே வெள்ளி முழுவதும் குளோரைடாகத் தக்க சூழல் அமைந்துவிடும் என்பதை மேற்கண்ட கணக்கு காட்டுகிறது. எனவே உச்சிப்புளி, மண்டபம், இராமேசுவரம் கரைகளின் பாசிகளைக் கையாளும் ஆய்வுகள் சாற்றின் குளோரைடு அளவு, மொத்த வெள்ளியின் அளவு, எஞ்சிய அயனியின் அளவு ஆகிய மூன்றையும் வெளியிடுதலும், உப்புக் கலவை ஒப்பீட்டைத் தவறாது செய்தலும் வேண்டும். 27.8, 32.2, 46.2 பாகைகளில் தோன்றும் உச்சங்கள் பெயரிடப்பட வேண்டும். பாசி எடுக்கப்பட்ட கரையும் பருவமும் கழுவிய முறையும் பதிவாதல் வேண்டும்.

இவ்வாறு செய்யும்போது சில தடைத்திறன் கூற்றுகள் சுருங்கக்கூடும், எஞ்சுவன உறுதிபெறும். ஆழத்தில் மூச்சடக்கிப் பாசி எடுப்போரின் உழைப்பில் தொடங்கி, ஆறாத புண்ணோடு மருந்துக்குக் காத்திருப்போரின் நம்பிக்கையில் முடியும் இவ்வாய்வுத் தொடருக்கு அவ்வுறுதியே அடித்தளமாகும்.